பெட்டாலிங் ஜெயா வன்தட்டு ஆலையும் தோட்டத்துப் பெண்களும்

விழா மலர் என்றால் கோயில் எழுந்த கதை வரும், பள்ளிக்கு நிலம் கிடைத்த கதை வரும், தலைவர்களின் படங்கள் வரும். வரவேண்டியவைதான். பால்மரத்தை வெட்டிச் செம்பனை நட்ட பிறகு தோட்டத்தில் ஆள் தேவை குறைந்தபோது, புக்கிட் ரோத்தான் போன்ற ஊர்களின் பிள்ளைகளுக்குச் சம்பளம் கொடுத்த மின்னணு ஆலைகளும் நம் வரலாற்றில் சேர்ந்தவையே. அவற்றில் ஒன்றை இங்கே எழுதி வைக்கிறேன்.

1971இல் சுதந்திர வர்த்தக வட்டாரச் சட்டம் வந்தது. பினாங்கில் பாயான் லெப்பாஸ், சிலாங்கூரில் சுங்கைவே என ஆலைகள் முளைத்தன. வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம் 1973இல் மலேசியாவுக்கு வந்தது. அப்போது அது செய்தது சில்லு. வன்தட்டு (ஹார்ட் டிஸ்க்) பின்னால் வந்தது. 2000ஆம் ஆண்டுவாக்கில் சிங்கப்பூரில் இருந்த வன்தட்டு உற்பத்தியை மூடி மலேசியாவுக்கு மாற்றியபோது, பெட்டாலிங் ஜெயா ஆலை அந்த நிறுவனத்தின் முக்கியமான கூடமாயிற்று.

இத்தகைய ஆலைகளில் ஆரம்பத்தில் சேர்ந்தவர்களில் பெரும்பாலோர் மலாய்க் கம்பத்துப் பெண்கள். தோட்டத்துத் தமிழ்ப் பெண்களும் சேர்ந்தார்கள். விடியுமுன் அம்மா தோட்டத்தில் பெரட்டுக்கு, அதாவது ஆள் கணக்கெடுப்புக்கு, கிளம்புவார். மகள் ஷிப்டுக்குக் கிளம்புவாள். புக்கிட் ரோத்தானிலிருந்து ஈஜோக், சுங்கை பூலோ வழியாக நெடுந்தூரம். தினமும் போய்வர முடியாதவர்கள் சுங்கைவே பக்கம் நாலைந்து பேராக அறை எடுத்துத் தங்கினார்கள். மாதச் சம்பளத்தில் தம்பி தங்கையின் படிப்பும் நடந்தது, தாமானில் வீட்டுக்கு முன்பணமும் சேர்ந்தது.

அவர்கள் செய்த வேலை எவ்வளவு நுட்பமானது என்பதை நம்மில் பலர் அறியவில்லை. வன்தட்டைப் பூட்டும் இடம் கிளீன் ரூம். பவுடர், பொட்டு, பூ, நகப்பூச்சு எல்லாம் வெளியே. தலை முதல் கால் வரை அங்கி, முகமூடி, கையுறை. கண் மட்டும்தான் தெரியும். உடம்பில் சேரும் நிலைமின்சாரம் பொருளைக் கெடுக்காதபடி மணிக்கட்டில் ஒரு பட்டை. கண்ணாடிபோல் மின்னும் தட்டு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்று சுற்றும். அதன் மேல் படிக்கும் முனை தட்டைத் தொடாமல் சில நானோமீட்டர் உயரத்தில் மிதக்கும். ஒரு தலைமுடியின் தடிமனில் பல்லாயிரத்தில் ஒரு பங்குதான் அந்த இடைவெளி. புகையின் ஒரு துகள் நுழைந்தாலும் தட்டில் கீறல் விழும், பதிவு போய்விடும். பால் வெட்டும்போது மரத்துக்குக் காயம் படாமல் பட்டையை மட்டும் சீவிய தாயின் கைப்பக்குவம் மகளுக்கு இங்கே உதவியிருக்கும் என்றே நினைக்கிறேன்.

அவர்கள் பூட்டிய வன்தட்டு வளர்ந்த கதையும் சொல்லத் தக்கது. 1956இல் ஐபிஎம் வெளியிட்ட முதல் வன்தட்டு ஏறக்குறைய ஒரு டன் எடை. 50 தட்டுகளில் கொண்டது 50 லட்சம் எழுத்துகள். 2007இல் ஹிட்டாச்சி ஒரு டெராபைட்டை எட்டியது. 2013இல் காற்றுக்குப் பதில் ஹீலியம் அடைத்த தட்டு விற்பனைக்கு வந்தது. 2024இல் சீகேட் 30 டெராபைட்டைத் தாண்டியது. முதல் தட்டோடு ஒப்பிட்டால் 60 லட்சம் மடங்கு!

இந்த வளர்ச்சியில் வெப்பத்தின் பங்கைச் சொல்லியே ஆக வேண்டும். கொள்ளளவு கூடக் கூட, பதிவு தாங்கும் காந்தத் துகள் சிறுத்துக்கொண்டே போகிறது. ஓரளவுக்கு மேல் சிறுத்தால் அறையின் சாதாரண வெப்பமே அதன் காந்தத் திசையைப் புரட்டிவிடும். அதனால் எளிதில் புரளாத இரும்பு, பிளாட்டினக் கலவையைத் தேர்ந்தார்கள். ஆனால் அதில் எழுதுவது கடினம். எழுதும் புள்ளியை மட்டும் லேசர் கொண்டு 400 பாகைக்கு மேல் சூடாக்கி, அது இளகிக் கொடுக்கும் நொடிக்கூறில் எழுதி, உடனே ஆறவிடுகிறார்கள். இத்தனை காலம் பகையாக இருந்த வெப்பத்தையே எழுதுகோலாக்கிய இந்த வேலை என்னை வியக்க வைக்கிறது.

அதே தட்டு இயங்குவதற்கு ஏற்ற சூழல் பொதுவாக 5 முதல் 60 பாகை வரைதான். கார்களுக்கென்று செய்தவை 85 பாகை வரை தாங்கும். ஜிங்க் கூரைக்குக் கீழே, காற்றோட்டமில்லாத அலமாரியில் கணினியை வைத்துப் பூட்டும் பள்ளி, சங்க அலுவலகங்கள் இதைக் கவனிக்க வேண்டும். மின்சுற்றில் உள்ள மின்தேக்கியின் ஆயுள் 10 பாகை கூடினால் ஏறக்குறைய பாதியாகும். தோட்டத்து ஆள் கணக்கு எழுதிய பழைய செக்ரோல் புத்தகத்தைச் செல் அரித்ததுபோல், சங்கக் கணக்கும் பிள்ளைகளின் பதிவும் சத்தமில்லாமல் அழிந்துவிடக்கூடாது. நகல் ஒன்றை வேறு கட்டடத்தில் வையுங்கள்.

ஆலைக்குத் திரும்புவோம். கணினிகள் திடநிலைச் சேமிப்புக்கு (எஸ்எஸ்டி) மாறியதும் வன்தட்டுக்குத் தேவை குறைந்தது. 2018 ஜூலையில், பெட்டாலிங் ஜெயா ஆலையை 2019 இறுதிக்குள் மூடுவதாக வெஸ்டர்ன் டிஜிட்டல் அறிவித்தது. பினாங்கில் அதன் திடநிலைச் சேமிப்பு ஆலை விரிந்தது. ஆனால் நடுவயதில், பிள்ளைகள் படிக்கும் வேளையில் எத்தனை பேரால் வீட்டைப் பெயர்த்துக்கொண்டு வடக்கே போயிருக்க முடியும்?

இந்த ஆலைகளில் வேலை செய்த அக்காமார், தங்கைமார் இன்னும் நம்மோடு இருக்கிறார்கள். எந்த ஆலை, எந்தப் பிரிவு, எந்த ஆண்டு, என்ன சம்பளம், யாரோடு அறையில் தங்கினீர்கள் என்பதை எழுதியோ சொல்லியோ மலர்க்குழுவிடம் கொடுங்கள். அங்கி போட்ட படம், பணியாளர் அட்டை, நீண்டகாலச் சேவைச் சான்றிதழ் எது இருந்தாலும் கொண்டு வாருங்கள். படியெடுத்துத் திருப்பித் தருவோம்.