மலைப்பாதை எஞ்சினும் மாற்றுப் பாகமும்

நாவலப்பிட்டியை விட்டுப் புறப்படும் புகையிரதம் ஹட்டனை அடைவதற்குள் ஏறத்தாழ 2,200 அடி உயரம் ஏறிவிடுகின்றது. நானுஓயாவில் அது 5,300 அடியை நெருங்குகின்றது. பட்டிப்பொலையைக் கடந்ததும் 6,226 அடியில் பாதை தன் உச்சியைத் தொட்டு, ஒகியாவை நோக்கி இறங்கத் தொடங்குகின்றது. நாற்பத்து நான்கு அடி முன்னே சென்றால் ஓரடி மேலே ஏற வேண்டிய சரிவுகள் இப்பாதையிற் பல. ஐந்து சங்கிலி ஆரமே உள்ள கூரிய வளைவுகளும் பல. அகலப்பாதைப் புகையிரதம் இத்தகைய இடத்தில் ஓடுவதே அரிதெனப் பொறியியலார் வியப்பதுண்டு.

இப்பாதை தோட்டங்களுக்காகப் பிறந்தது. கோப்பியைக் கொழும்புக்குக் கொண்டுசெல்ல 1867-இல் கண்டி வரை வந்த தண்டவாளம், 1874-இல் நாவலப்பிட்டியையும், 1884-இல் ஹட்டனையும், 1885-இல் நானுஓயாவையும் எட்டியது. அதற்குள் கோப்பி நோய்கண்டு மடிந்து, தேயிலை அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது. மேலேறும் வண்டியில் அரிசியும் உரமும் வந்தன. கீழிறங்கும் வண்டியில் தேயிலைப் பெட்டிகள் சென்றன. 1964-ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்பின், பிறந்த லயத்தை விட்டுத் தலைமன்னாரை நோக்கிப் பயணப்பட்ட தோட்டமக்கள் பலர் இறுதியாக இறங்கியதும் இதே பாதை வழியேதான். ஆகவே இங்கு ஓர் எஞ்சின் ஏறுமா, நடுவழியில் நின்றுவிடுமா என்பது இயந்திர வல்லுநரின் கவலை மட்டுமன்று.

நீராவிக் காலத்தில் இக்கவலைக்கு விடை எளிது. ஓர் எஞ்சின் போதாதாயின் பின்னால் மற்றொன்று தள்ளிற்று. அதுவும் போதாதென்று 1927-இலும் 1945-இலும் இரட்டை உடல்கொண்ட கரற் எஞ்சின்கள் வரவழைக்கப்பட்டன. நீராவி எஞ்சினின் வலிமை கொதிகலத்துள் உண்டாகும் அழுத்தத்தில் உள்ளது. வெளிக்காற்று மெலிந்தாலும் அது பெரிதாகத் தளர்வதில்லை.

டீசல் எஞ்சின் அப்படிப்பட்டதன்று. அது ஒவ்வொரு முறையும் வெளிக்காற்றை உள்ளிழுத்தே எண்ணெயை எரிக்கின்றது. கடல்மட்டத்திலிருந்து ஆறாயிரம் அடி உயரத்தில் காற்றின் செறிவு ஆறில் ஒரு பங்களவு குறைந்துவிடும். இயற்கையாகக் காற்றிழுக்கும் எஞ்சின் அங்கு ஏறத்தாழ அதே அளவு வலிமையை இழக்கும். சரிவு கடுமையாகும் இடத்திலேயே மூச்சும் குறைகின்றது.

இக்குறைக்கு மருந்து கண்டவர் சுவிற்சர்லாந்தைச் சேர்ந்த அல்பிரட் பூகி என்ற பொறியியலாளர். வீணே வெளியேறும் சூடான புகையைக் கொண்டு ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றி, அதே அச்சில் உள்ள மற்றொரு சக்கரத்தால் காற்றை அமுக்கி எஞ்சினுக்கு ஊட்டலாம் என்ற கருத்துக்கு அவர் 1905-இல் உரிமை பெற்றார். அதுவே இன்று டர்போ எனப்படுவது. மெலிந்த மலைக்காற்றையும் செறிவாக்கித் தருவதால், மலைப்பாதைக்கு அது வரமாயிற்று.

இலங்கையின் முதற் பெருவழி டீசல் எஞ்சின்கள் 1953-ஐ ஒட்டிப் பிரித்தானியாவிலிருந்து வந்தன. பிறஷ் பக்னல் நிறுவனம் செய்த எம் 1 வகுப்பைச் சேர்ந்த இருபத்தைந்து வண்டிகள் அவை; மிர்லீஸ் நிறுவனத்தின் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின் அவற்றில் இருந்தது. அடுத்த ஆண்டே கொழும்புத் திட்டத்தின்கீழ்க் கனடாவிலிருந்து எம் 2 வந்தது. கனடிய மாகாணங்களின் பெயர்களை அவ்வண்டிகள் சூடியிருந்தன. 1975-இல் மொன்றியலிற் செய்த எம் 4 வந்து சேர்ந்தது. அல்கோ 251 என்னும் குடும்பத்தைச் சேர்ந்த, டர்போ பூட்டிய பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சின் கொண்டது அது. எம் 2-இல் டர்போவே இல்லை. பற்சக்கரத்தால் இயங்கும் எளிய ஊதியொன்றே அதற்குக் காற்றளித்தது. எம் 1 மறைந்து நெடுங்காலமாகியும் எம் 2 எழுபது ஆண்டு கடந்து இன்னும் ஓடுகின்றது. சிக்கலான கருவியைவிட, பாகம் கிடைக்கும் எளிய கருவி நீண்டு வாழும் என்று இதனைக் கொள்வது தவறாகாது.

எஞ்சினை முழுவதுமாக மாற்றுவது என்பது பிரித்தானியாவிலேயே பெரிய அளவில் நடந்தது. இலங்கைக்குச் செய்துதந்த அனுபவத்தோடு பிறஷ் நிறுவனம் 1957 முதல் 1962 வரை தன் நாட்டுக்கு 263 வண்டிகளைச் செய்தது. அவற்றில் இருந்ததும் மிர்லீஸ் எஞ்சின்தான். சில ஆண்டுகளில் உலோகம் சோர்வுற்று வெடிப்புகள் காணவே, 1964 முதல் அவற்றை இறக்கிவிட்டு, இங்கிலீஷ் எலக்றிக் நிறுவனத்தின் டர்போ எஞ்சினை ஏற்றினர். இலங்கையிலும் 1979-இல் ஹிற்றாச்சி தந்த எம் 5 வண்டிகளிற் பல பிற்காலத்தில் வேறு எஞ்சின் பெற்றன. மாற்றத்திற்கேற்ப வகுப்புப் பெயரோடு ஓர் எழுத்தும் ஒட்டிக்கொண்டது.

புதிய எஞ்சின் வாங்கப் பணமுள்ள நாட்டுக்கு இது கணக்கு வேலை. அந்நியச் செலாவணி தட்டுப்பாடான நாட்டிலோ, நின்றுபோன ஒரு வண்டியே மற்றவற்றின் களஞ்சியமாகின்றது. அதிலிருந்து கழற்றிய எந்தப் பாகம் எதற்குப் பொருந்தும் என்று அறிவதே அங்கு பெரிய வித்தை.

வெளித்தோற்றம் இதில் ஏமாற்றும். எம் 2-இன் எஞ்சின் 567 என்றும், 1979-இல் ஜெர்மனியிலிருந்து வந்த எம் 6-இன் எஞ்சின் 645 என்றும் பெயர் பெற்றவை. அவ்வெண்கள் ஒரு சிலிண்டரின் கொள்ளளவைக் கனஅங்குலத்திற் குறிப்பன. உந்து நீளம் இரண்டிற்கும் பத்து அங்குலமே. குறுக்களவு மட்டும் எட்டரை அங்குலத்திலிருந்து ஒன்பதுக்குச் சற்றே கூடியது. பெயர் வேறாயினும், 567-இன் பிற்கால உடலில் 645-இன் சிலிண்டர் தொகுதியைப் பொருத்த முடியும். முற்கால உடலில் முடியாது. உடலின் மேல் பொறித்த எழுத்தைப் படியாதவன் இங்கேயே வழுக்கிவிடுவான்.

அல்கோ குடும்பத்தில் இச்சோதனை இன்னும் நுட்பமானது. எம் 4-க்குப் பன்னிரண்டு சிலிண்டர்; வாரணாசியிலிருந்து 1996-இல் வந்த எம் 8-க்குப் பதினாறு. நீலகிரி மலைப்பாதையில் குன்னூருக்கும் உதகமண்டலத்துக்கும் இடையே ஓடும் சிறுவண்டிக்கு ஆறு. மூன்றிலும் சிலிண்டரின் குறுக்களவு ஒன்பது அங்குலம், உந்து நீளம் பத்தரை அங்குலம். ஆகவே பிஸ்டன், லைனர் போன்றவற்றிற்கு இவை ஒன்றுக்கொன்று உறவினர் எனலாம். ஆனால் டர்போவுக்கு அவ்வுறவு செல்லாது. பதினாறு சிலிண்டரின் புகைக்கு அமைந்த டர்போவைப் பன்னிரண்டின்மேல் ஏற்றினால், அதைச் சுழற்றப் புகை போதாது, காற்றும் போதாது. ஏற்றத்தில் கரும்புகை கக்கும், சிலிண்டர் சூடேறும். சிறியதைப் பெரியதில் ஏற்றினாலோ, சக்கரம் அளவுமீறிச் சுழலும். உயரம் ஏற ஏறச் சுழற்சி தானே கூடுவதால், கொழும்பில் பிழைத்த சக்கரம் பட்டிப்பொலையில் பிழைக்குமென்பதற்கு உறுதியில்லை.

இன்னொரு கண்ணியும் உண்டு. ஒரே அச்சிற் செய்த இரு டர்போக்களின் கூடு ஒன்றே போலிருக்கும். புகையை அலகுகளின்மேல் திருப்பும் உள்வளையத்தின் துளைப்பரப்பு மட்டும் வேறாயிருக்கும். எண்ணெய்ப் பம்புகளும் அத்தகையன. இந்தியாவில் அல்கோ எஞ்சின்களைச் சிக்கனமாக்கியபோது 15 மில்லிமீற்றர் உந்துதண்டு கொண்ட பம்புக்குப் பதில் 17 மில்லிமீற்றர் பம்பு புகுந்தது. டர்போவும் புதுவகை ஆயிற்று. பழைய டர்போவோடு புதிய பம்பைச் சேர்த்தால், எரிக்கக் காற்றில்லாமல் எண்ணெய் மட்டும் மிகும்.

அதனால் தேர்ந்த கைவினைஞன் பழைய டர்போவைக் கையில் எடுத்ததும் முதலில் அழுக்கைத் துடைத்து, கூட்டின் தகட்டெண்ணைப் படிக்கின்றான். பின்பு அது எந்த வண்டியிலிருந்து, எதற்காக இறக்கப்பட்டது என்று வினவுகின்றான். நல்ல பாகம் காரணமின்றி இறங்குவதில்லை. உள்வளையத்தின் பொறிப்பைத் தகட்டோடு ஒப்பிடுகின்றான். முன்பு யாரேனும் மாற்றியிருக்கலாம். அலகுகளின் நுனி கூட்டில் உராய்ந்த தடத்தை நோக்கி, அச்சை மேலும் கீழும் அசைத்துத் தாங்கியின் தேய்வை அளக்கின்றான். அலகின் அடியில் மயிரிழை வெடிப்பு உண்டாவெனச் சாயமிட்டுப் பார்க்கின்றான். அதன்பின்னரே பம்பின் அளவையும், மின்னாக்கியின் சுமையையும், வேகக் கட்டுப்பாட்டுக் கருவியையும் அதற்கு இசையச் சரிசெய்கின்றான்.

இத்தனையும் செய்த பின்னும் கொட்டகையில் ஓடவிட்டுப் பார்ப்பது அரைச் சோதனையே. சுமைவண்டிகளைப் பூட்டி நாவலப்பிட்டியிலிருந்து மேலே அனுப்பவேண்டும். ஹட்டன் வரை புகைபோக்கியில் இளஞ்சாம்பல் நிறமே தெரிந்து, நானுஓயாவிலும் அது கறுக்காமல், பட்டிப்பொலையை நோக்கிய ஏற்றத்தில் டர்போவின் கீச்சொலி ஒரே சுருதியில் நின்றால், பொருத்திய பாகம் அந்த எஞ்சினுடையதாகிவிட்டது.