முகாமுக்கு வெளியே 31 லட்சம் பேர்

சென்ற வாரம் கல்கத்தாவின் சால்ட் லேக்கில் சிமெண்ட் குழாய்களுக்குள் குடித்தனம் நடத்தியவர்களைப் பார்த்தோம். 1971 என்றதும் உலகத்துக்கு ஞாபகம் வருவது அந்தக் குழாய்கள்தாம். கேமராவுக்குத் தோதான துயரம் அது. ஆனால் இந்திய அரசின் கணக்கில் இன்னொரு பத்தியும் இருக்கிறது. கிழக்கு பாகிஸ்தானிலிருந்து, அதாவது இன்றைய வங்கதேசத்திலிருந்து, அந்த ஆண்டு அகதிகளாக வந்தவர்கள் 98,99,305 பேர். 825 முகாம்களில் தங்கியவர்கள் 67,97,615. மீதி 31,01,690 பேருக்கு நேரே, நண்பர்கள் உறவினர்களுடன் என்று போட்டு முடித்துவிட்டார்கள். அதில் மேற்கு வங்கத்தின் பங்கு மட்டும் 26 லட்சத்துக்கும் மேல்.

இத்தனை பேரையும் யார், எப்படி ஒரு வீட்டில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள்?

பெஹாலாவிலிருந்து பார்த்தால் விடை கிடைக்கும். கல்கத்தாவின் தென்மேற்கு ஓரத்தில், டயமண்ட் ஹார்பர் சாலையின் இருபுறமும் பரந்து கிடக்கும் பகுதி. கிழக்கிந்தியக் கம்பெனிக்கு 1698இல் மூன்று கிராமங்களை விட்டுக்கொடுத்த சாபர்ண ராய் சௌத்ரி குடும்பத்தின் பரிஷா இங்கேதான். 1971இல் பெஹாலா கல்கத்தா மாநகராட்சிக்குள்ளேயே வரவில்லை; 1984இல்தான் சேர்த்தார்கள். நாடு பிரிந்தபோது கிழக்கு வங்கத்திலிருந்து ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்தவர்கள், இப்படிப்பட்ட புறநகர்களில்தான் மனை பிடித்து, முதலில் மூங்கில் தட்டி, பிறகு செங்கல் என்று வீட்டை வளர்த்தார்கள்.

வங்காளிகள் அறிமுகமானதும் ‘தேஷ் கோத்தாய்?’ என்று கேட்பார்கள். நேர்ப்பொருள் ‘தேசம் எங்கே?’ கேட்பவர் எதிர்பார்க்கும் பதில் பாரிசால், ஃபரித்பூர், பிக்ரம்பூர். நம்மூரில் ‘சொந்த ஊர் எது?’ என்பதைப் போலத்தான். 24 வருஷம் கழித்து எல்லை தாண்டி வந்தவருக்கு அந்தக் கேள்விதான் விண்ணப்பப் படிவம். தங்க இடம் கொடுத்தவர் மாமா, அத்தை, ஒன்றுவிட்ட அண்ணன். யாரும் இல்லாவிட்டால் அதே ஊர்க்காரர். இடையில் தரகர் கிடையாது, உறுதிமொழிப் பத்திரம் கிடையாது. முன்பு அகதியாக வந்தவரே இப்போது வீட்டுக்காரர்.

இதை நான் உயர்த்திப் பேச விரும்பவில்லை. இலவச அரிசி முகாமில் இருந்தவருக்குத்தான். வீட்டில் ஏழு பேர் வந்து தங்கினால், அவர்களுக்கும் வீட்டுக்காரரின் குமாஸ்தா சம்பளத்திலேயே உலை வைக்க வேண்டும். போதாததற்கு அது நக்சல்பாரிக் காலம். புதிதாக ஓர் இளைஞன் வாசலில் நின்றால் தெரு முழுக்கச் சந்தேகப்படும். வீட்டுக்காரருக்கு முதல் மாதம் இருந்த முகம் ஆறாம் மாதம் இருந்திருக்காது. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்று நாம் சொல்வதை அங்கே ஒன்பது மாதம் இழுத்தார்கள்.

அந்த வருஷம் கல்கத்தாவில் கண்நோய் ஒன்று பரவியது. கண் சிவக்கும், நீர் வடியும், காலையில் இமை ஒட்டிக்கொள்ளும். நாம் மெட்ராஸ் ஐ என்போமே, அதே குடும்பம். கல்கத்தாக்காரர்கள் அதற்கு வைத்த பெயர் ‘ஜோய் பாங்ளா’. வங்கதேச விடுதலைப் போரின் முழக்கமே வியாதிக்குப் பெயராகிவிட்டது. ஒரே துண்டு, ஒரே தலையணை, ஒரே அறை என்று இருந்த வீடுகளில் அது வேறு எப்படிப் போகும்?

உறவுக்காரர் இல்லாதவர்களுக்கு வேறொரு வழி உண்டானது. ஏப்ரலிலேயே கல்கத்தா பல்கலைக்கழகத்தில் ‘பங்களாதேஷ் சகாயக் சமிதி’ அமைந்தது. தப்பி வந்த ஆசிரியர்களுக்குத் தங்க இடம், கொஞ்சம் பணம், முடிந்தால் வேலை. இதுதான் அதன் கவலை. ராஜ்ஷாஹி, சிட்டகாங் பேராசிரியர்களுக்குக் கல்கத்தாவில் தோதான சொந்தக்காரர் எல்லோருக்கும் அமைந்துவிடவில்லை. தொழில்தான் அவர்களுக்கு உறவு. இன்றைய பேச்சில் சொன்னால், அது ஸ்பான்சர் தேடித் தரும் அலுவலகம்.

அகதிகளுக்கான செலவில் நமக்கும் பங்கு உண்டு. 1971 நவம்பர் 15 முதல் நாடெங்கும் கடிதத்தில் கூடுதலாக 5 பைசா அகதி நிவாரணத் தபால்தலை ஒட்ட வேண்டும் என்றார்கள். அவசரத்துக்குக் குடும்பக் கட்டுப்பாட்டுத் தபால்தலையின் மேலேயே ‘அகதி நிவாரணம்’ என்று அச்சடித்து விற்றார்கள். திருநெல்வேலியில் கல்யாணப் பத்திரிகை அனுப்பியவரும் வங்காளத்து அகதிக்கு 5 பைசா கொடுத்தார்.

ஸ்பான்சர் என்ற சொல் ஈழத் தமிழர் வீடுகளில் அன்றாடம் புழங்குவது. அதைச் சட்டமாக்கிய நாடு கனடா. 1976இல் நிறைவேறி 1978இல் நடைமுறைக்கு வந்த குடிவரவுச் சட்டத்தின்படி, சாதாரண மக்கள் சிலர் ஒன்றுசேர்ந்து ஓர் அகதிக் குடும்பத்தின் வீடு, சாப்பாடு, துணிமணிக்கு ஒரு வருஷம் பொறுப்பேற்க முடிந்தது. 1979, 1980இல் வந்த 60,000 இந்தோசீன அகதிகளில் பாதிக்கு மேல் அப்படி வந்தவர்களே. 1986இல் கனடா மக்களுக்கு ஐ.நா. அகதிகள் அமைப்பின் நான்சென் பதக்கம் கிடைத்தது. அதே ஆண்டு ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்து கடலில், உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 ஈழத் தமிழரை மீனவர்கள் கரை சேர்த்ததை அடுத்த வாரம் விரிவாகப் பார்ப்போம்.

மறுபடி வங்காளத்துக்கு வருவோம். 1971 டிசம்பர் 16இல் டாக்கா விழுந்தது. மறு மாதமே லாரிகளும் ரயில்களும் எல்லைக்குக் கிளம்பின. 1972 மார்ச் முடிவதற்குள் கிட்டத்தட்ட எல்லோரையும் அனுப்பிவிட்டதாக அரசு அறிவித்தது. முகாம் காலியானதற்குக் கணக்கு இருந்தது. வீட்டில் தங்கியவர்கள் போன அன்று பாயைச் சுருட்டி வைத்திருப்பார்கள், அவ்வளவுதான். கண் சிவந்தால் மட்டும் பெஹாலாப் பாட்டிகள் இன்னமும் ‘ஜோய் பாங்ளா’ என்கிறார்கள்.

(தொடரும்)