தெருவுக்கு ஒரு சாட்சி

காமீய் பிஸ்ஸாரோ 1872இல் வரைந்த ஒரு சிறிய எண்ணெய் வண்ணச் சித்திரம் பாரிஸின் ஓர்ஸே மியூசியத்தில் இருக்கிறது. வாஸான் என்ற சிற்றூரின் நுழைவாயில். உயரம் 46 சென்டிமீட்டர், அகலம் 55.5. இருபுறமும் இலையற்ற மெல்லிய மரங்கள், நடுவில் ஒரு குதிரை வண்டி, தெருவின் குறுக்கே விழுந்து கிடக்கும் நிழல்கள். விசேஷமாக எதுவும் நடக்கவில்லை.

இரும்புலியூரின் ஒரு பழைய தெருவில் குடியிருக்கும் எனக்கு இதன் அச்சுப் பிரதியைப் பார்க்கும்போதெல்லாம் பொறாமை உண்டாகிறது. அழகு பற்றிய பொறாமை அல்ல; சாட்சியம் பற்றியது.

1870இல் பிரஷ்ய யுத்தம் வந்தபோது பிஸ்ஸாரோ, வாஸானை உள்ளடக்கிய லூவ்ஸியெனில் வசித்தார். குடும்பத்தோடு வெளியேறி லண்டன் போனார். வீட்டில் படையினர் புகுந்தார்கள். விட்டுப்போன சித்திரங்களில் பெரும்பகுதி அழிந்தது. சில, சேற்றில் மிதித்து நடக்கப் போடப்பட்டன. 1871இல் அவர் திரும்பினார். மறுவருஷம் வரைந்தது இந்தத் தெரு. ஆக, இதன் அமைதி கிராமத்துக்கு இயல்பாக வாய்த்த அமைதி அல்ல. பறிபோய்த் திரும்பக் கிடைத்தது. அதை அவர் கண்ணீராக அல்ல, நிழலின் நீளமாகப் பதிவு செய்தார்.

இதற்கு உதவிய சாதனங்கள் எளியவை. 1841இல் ஜான் ராண்ட் கண்டுபிடித்த தகரக் குழாய் வண்ணத்தை வெளியில் எடுத்துச் செல்ல வைத்தது. ரயில், சைத்ரிகனைப் பாரிஸுக்கு வெளியே கொண்டுபோய் இறக்கியது. புராணமோ சரித்திர நாயகனோ இல்லாமல், ஒரு தெருவும் ஒரு பொழுதும் போதும் என்ற துணிச்சல் மட்டும் அவர்களுடையது. 1874இல் அவர்கள் கூட்டாகக் காட்சி வைத்தபோது கேலிதான் கிடைத்தது.

நம்மிடம் சாதனங்களுக்குக் குறைவில்லை. சென்னை ஓவியப் பள்ளி 1850இல் தொடங்கியது. 1929இல் தேவி பிரசாத் ராய் சௌதுரி அதன் தலைவரானார். 1931இல் தாம்பரத்துக்கு மின்சார ரயில் வந்தது. கே. சி. எஸ். பணிக்கர் தொடக்கத்தில் மலபார் நிலக்காட்சிகளை நீர்வண்ணத்தில் ஒளியோடு வரைந்தவர். 1960களில் அவர் சொற்களுக்கும் குறியீடுகளுக்கும் நகர்ந்தார். 1966இல் சோழமண்டலம் உருவாயிற்று. அந்த நகர்வு அவசியமானதே. ஆனால் நம் விமர்சனம் அதிலிருந்து ஒரு தவறான பாடம் கற்றது: ஒளியை வரைவது மாணவப் பயிற்சி, நவீனம் அதற்குப் பிறகு. நானும் அப்படிப் பேசியவன்தான்.

விளைவை என் வாசலில் நின்று பார்க்கிறேன். இரும்புலியூர் 1964இல் தாம்பரம் நகராட்சியில் சேர்ந்தது. 2021இல் மாநகராட்சிக்குள் வந்தது. ஜி.எஸ்.டி. சாலையும் புறவழிச்சாலையும் ஊரைக் கூறுபோட்டுவிட்டன. சர்வே எண்ணும் விஸ்தீரணமும் வரியும் பதிவேடுகளில் இருக்கும். திண்ணை மீது வெயில் எப்படி ஏறியது என்பது எதிலும் இல்லை. இந்தத் தெருவின் சித்திரம் ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

ஒரு ஆட்சேபம் எழும். நம் தெரு வெறும் வெயிலும் நிழலும் அல்ல. ஊர் என்றும் சேரி என்றும் பிரிந்தது. யார் செருப்போடு நடக்கலாம், யார் சுற்றிப் போகவேண்டும் என்ற விதிகள் அதில் இருந்தன. அமைதியை வரைந்திருந்தால் அந்த விதிகளையும் அழகாக்கியிருப்பார்கள் அல்லவா? அழகாக்கியிருக்கலாம். ஆனால் ஒரு தெருவில் யார் நடக்கவில்லை என்ற கேள்வியைக்கூட, நடந்தவர்களை உள்ளபடி வரைந்த சித்திரத்தின் முன்னால் நின்றால்தான் கேட்க முடியும். இல்லாத சித்திரத்திடம் எதைக் கேட்பது?

இன்று மாலை நாலு மணிக்கு என் தெருவில் விழுவது எதிர்வரிசை அடுக்குமாடிக் கட்டடத்தின் நிழல். அதையும் யாரும் வரையவில்லை.