கேமரா முகத்துல ஒரு வளையம்

இன்னைக்கு எபிசோடு ஒரு உலோக வளையத்தைப் பத்தினது. கேமராவோட முகத்துல, லென்ஸை வச்சுத் திருகுற இடத்துல இருக்குமே, அந்த வளையம். மவுண்ட்னு சொல்வாங்க. முதல் டிஎஸ்எல்ஆர் வாங்கப்போறவங்க மெகாபிக்சல் பார்ப்பாங்க, விலை பார்ப்பாங்க. இதைப் பார்க்க மாட்டாங்க. நானும் பார்க்கல.

2016-ல என் கையில இருந்தது 20,000 ரூபாய். அடுத்த மாசம் அக்கா கல்யாணம். செகண்ட் ஹேண்ட் கடை ஒண்ணுல நிக்கான் டி3100 ஒரு பாடி, கூடவே 18-55 கிட் லென்ஸ் கிடைச்சது. மிச்சம் இருந்த காசுல, எல்லாரும் சொல்ற அந்த 50 எம்.எம். எஃப்/1.8 லென்ஸையும் கேட்டேன். பழைய 'டி' வகை. விலை கம்மி. பெருமையா வீட்டுக்கு எடுத்துட்டு வந்து மாட்டினேன். ஷட்டரைப் பாதி அமுக்கினா ஒண்ணுமே நகரல. கடைக்காரர்கிட்ட திரும்பப் போய்ச் சண்டை போட்டேன்.

"லென்ஸும் நல்லா இருக்கு தம்பி, பாடியும் நல்லா இருக்கு. ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சேராது, அவ்வளவுதான். கையால திருப்பி எடுங்க."

"அப்புறம் ஏண்ணே குடுத்தீங்க?"

"நீங்கதானே கேட்டீங்க?"

பதில் சொல்ல முடியல. ஒரே கம்பெனி லென்ஸும் ஒரே கம்பெனி பாடியும் ஏன் சேரலைன்னு தேட ஆரம்பிச்சது அன்னைக்குத்தான். கதை 1959 வரைக்கும் போச்சு.

அந்த வருஷம் நிக்கான் எஃப் என்கிற ஃபிலிம் கேமரா வந்தது. அதோட வந்ததுதான் எஃப் மவுண்ட், உள்விட்டம் 44 மில்லிமீட்டர். பத்திரிகை ஃபோட்டோகிராஃபர்கள் அதைப் பிடிச்சுக்கிட்டாங்க. போர்க்களம், விளையாட்டு மைதானம், எங்க பார்த்தாலும் அந்த கேமரா. ஒவ்வொருத்தர் பையிலயும் அஞ்சாறு லென்ஸ். இனி அந்த வளையத்தை மாத்தினா அத்தனை பேரோட முதலீடும் வீண். நிக்கான் மாத்தல.

அப்புறம் 1985. மினோல்டா 7000 வந்து எல்லாரையும் உலுக்கிடுச்சு. ஆட்டோஃபோகஸை உடம்புக்குள்ளயே வச்சு வந்த எஸ்எல்ஆர்கள்ல முதல்ல பெருசா ஜெயிச்சது அதுதான். ஆட்டோஃபோகஸ்னா என்ன? லென்ஸுக்குள்ள இருக்குற கண்ணாடியை யாராவது முன்னும் பின்னும் நகர்த்தணும். அதுக்கு ஒரு மோட்டார் வேணும். அந்த மோட்டார் பாடியில இருக்கணுமா, லென்ஸ்ல இருக்கணுமா? மினோல்டா பாடியில வச்சது.

1986-ல நிக்கான் எஃப்-501 வந்தது. அதே 1959 வளையம், மோட்டார் பாடிக்குள்ள. வளையத்தோட கீழ்ப்பக்கத்துல சின்ன ஸ்க்ரூடிரைவர் முனை மாதிரி ஒண்ணு எட்டிப் பார்க்கும். அது லென்ஸோட பின்னாடி இருக்குற பொருத்துல உட்கார்ந்து, திருகித் திருகி ஃபோகஸ் பண்ணும்.

கேனான் வேற வழியில போச்சு. அவங்ககிட்ட 1971-லேர்ந்து எஃப்டி மவுண்ட் இருந்தது. அதை வச்சே 1985-ல டி80-னு ஒரு ஆட்டோஃபோகஸ் கேமரா விட்டுப் பார்த்தாங்க, எடுபடல. 1987-ல மொத்தத்தையும் தூக்கிப் போட்டாங்க. ஈஓஎஸ் 650, புது ஈஎஃப் மவுண்ட், விட்டம் 54 மில்லிமீட்டர். பாடிக்கும் லென்ஸுக்கும் நடுவுல ஸ்க்ரூவும் இல்லை, லீவரும் இல்லை, மின்சாரத் தொடர்பு மட்டும்தான். ஒவ்வொரு லென்ஸுக்கும் சொந்த மோட்டார்.

பழைய எஃப்டி லென்ஸ் வச்சிருந்தவங்க கொதிச்சுப் போனாங்க. நடுவுல ஒரு வளையம் போட்டு மாட்டினாலும், இடையில திருத்தக் கண்ணாடி இல்லாம தூரத்துல இருக்குற மலை ஃபோகஸ் ஆகாது. உண்மையைச் சொன்னா, 1987-ல நான் அந்த லென்ஸுக்குக் காசு போட்டவனா இருந்திருந்தா கேனானைத் திட்டித் தீர்த்திருப்பேன். ஆனா அந்தத் துரோகத்தோட பலன் இன்னைக்கு கம்மி பட்ஜெட்காரனுக்கு வந்து சேருது. எப்படின்னு சொல்றேன்.

டிஜிட்டல் காலத்துக்கு வேகமா வந்துடலாம். 1991-ல கோடக் டிசிஎஸ்: நிக்கான் எஃப்3 பாடி, 1.3 மெகாபிக்சல், படத்தைச் சேமிக்கத் தனியா தோள்ல ஒரு பெட்டி. விலை சுமார் 20,000 டாலர். 1999-ல நிக்கான் டி1 ஏறக்குறைய 5,000 டாலருக்கு இறங்கிச்சு. நம்ம மாதிரி ஆளுங்களுக்குக் கதவு திறந்தது 2003 ஆகஸ்ட்ல, கேனான் 300டி வந்தப்போ. பாடி மட்டும் 899 டாலர், 18-55 கிட் லென்ஸோட 999.

எப்படி அவ்வளவு குறைச்சாங்க? சென்சார்ல கை வைக்கல. 10டி-ல இருந்த அதே 6 மெகாபிக்சல்தான். வியூஃபைண்டர்ல கனமான கண்ணாடிப் பட்டகத்துக்குப் பதிலா ஆடிகள். வெளியே வெள்ளிக் கலர் பிளாஸ்டிக். சில வசதிகளை மென்பொருள்லயே பூட்டி வச்சாங்க. அதையும் சில பேர் உடைச்சுத் திறந்துட்டாங்க, அது தனி எபிசோடுக்கான கதை.

நிக்கானும் குறைக்கணுமே? 2006-ல டி40 வந்தது. சின்னது, லேசானது, மலிவானது. குறைக்கிறதுக்காக அவங்க எடுத்தது அந்த மோட்டாரை, அந்த ஸ்க்ரூ முனையை. கூட வந்த கிட் லென்ஸுக்குள்ள மோட்டார் இருந்ததால வாங்கினவங்க பலருக்கு வித்தியாசமே தெரியல. டி60, அப்புறம் டி3000 வரிசை, டி5000 வரிசை எல்லாம் அதே வழி. என் டி3100-ம்தான். வேடிக்கை என்னன்னா, 1959 காலத்து லென்ஸ்கள்ல பெரும்பாலானதை இந்த மலிவான பாடிகள்ல மாட்டிடலாம். வெளிச்சத்தை அளக்காது, ஃபோகஸ் பண்ணாது, ஆனா மாட்டலாம். வளையம் மாறாம இருக்குன்னு சொன்ன வாக்கை அவங்க மீறலதான்.

கல்யாணத்துக்கு அந்த 50-ஐயே எடுத்துட்டுப் போனேன். வியூஃபைண்டர் ஓரத்துல ஃபோகஸ் சரியா இருந்தா ஒரு பச்சைப் புள்ளி எரியும், அதைப் பார்த்துக் கையால திருப்பினேன். எஃப்/1.8-ல ஒரு மீட்டர் தூரத்துல தெளிவா இருக்குறது சுமார் 3 சென்டிமீட்டர் ஆழம்தான். நலங்கு வைக்கிற நேரத்துல அப்பாயி வெத்தலை வாயோட சிரிச்சாங்க. புள்ளியைத் தேடினேன், எரிஞ்சுச்சு, அமுக்கினேன். ராத்திரி லேப்டாப்ல பெருசாக்கிப் பார்த்தா தோட்டுல இருக்குற கல் ஒவ்வொண்ணும் தெளிவா இருக்கு. கண்ணு கலங்கலா இருக்கு. ஏழு படம், ஏழும் அப்படித்தான். அடுத்த வருஷம் அப்பாயி தவறிட்டாங்க.

அதனால இப்ப யாராவது 20,000, 25,000-க்கு செகண்ட் ஹேண்ட் செட் கேட்டா, நான் முதல்ல வளையத்தைத்தான் பார்க்கச் சொல்றேன். கேனான்னா கவலை கம்மி. 1990-ல வந்த 50 எம்.எம். எஃப்/1.8 இரண்டாவது வடிவம் 130 கிராம்தான், மவுண்ட்கூட பிளாஸ்டிக். கையில எடுத்தா பொம்மை மாதிரி இருக்கும். ஆனா மோட்டார் அதுக்குள்ளயே இருக்கு. அதுக்குப் பல வருஷம் கழிச்சு வந்த மலிவான கேனான் டிஎஸ்எல்ஆர்லயும் ஃபோகஸ் பண்ணும். 1987 கோபத்தோட பலன்னு சொன்னேனே, அது இதுதான்.

நிக்கான்ல டி3000, டி5000 வரிசைன்னா லென்ஸ் பேர்ல 'ஏஎஃப்-எஸ்' இருக்கான்னு பாருங்க. 2009-ல வந்த 35 எம்.எம். எஃப்/1.8 டிஎக்ஸ் எனக்குப் பிடிச்ச தேர்வு. சின்ன சென்சார்ல 50 எம்.எம்.மோட பார்வைக் கோணம் 75 மாதிரி சுருங்கிடும், சின்ன ரூம்ல சுவர்ல முதுகு முட்டும். 35 அங்க வசதி. இல்ல, பழைய 'டி' லென்ஸ்தான் வேணும்னா, டி90 இல்லைன்னா டி7000 மாதிரி மோட்டார் இருக்குற பாடி தேடுங்க. கடையில பாடி மூடியைக் கழட்டி அந்த ஸ்க்ரூ முனை இருக்கான்னு கண்ணால பாருங்க. அப்படியே மொபைல் டார்ச்சை லென்ஸுக்குள்ள அடிச்சு ஃபங்கஸ் இருக்கான்னும் பார்த்துடுங்க. சென்னை ஈரப்பதத்துக்கு அது ரொம்ப முக்கியம்.

2018-ல ரெண்டு கம்பெனியும் மிரர்லெஸ்ஸுக்காகப் புது மவுண்ட் கொண்டு வந்தாங்க. அடாப்டர் போட்டா 1987 ஈஎஃப் லென்ஸ் கேனான்ல ஆட்டோஃபோகஸ் பண்ணுது. நிக்கானோட எஃப்டிஇசட் அடாப்டர்ல ஸ்க்ரூ மோட்டார் இல்லை. 'டி' லென்ஸ் அங்கயும் கையாலதான்.

என்னோட 50-ஐ நான் விக்கல. ரெண்டு வருஷம் கழிச்சு ஒரு பழைய டி90 வாங்கினேன். மாட்டிப் பாதி அமுக்கினா கிர்ர்ர்னு ஒரு சத்தம், கண்ணுல போய் நிக்குது. முதல்ல எடுத்தது அம்மாவைத்தான். அப்பாயியோட தோடு இப்ப அவங்க காதுலதான் இருக்கு.