திறக்க மறுக்கும் மீடியா பிளேயர்

மீடியா பிளேயர் என்பது கணினியில் பாட்டும் படமும் ஓட்டும் மென்பொருள். அதன் சின்னத்தைக் கிளிக் செய்தும் அது திரைக்கு வராமல் போவது, வீட்டுக் கணினிகளில் அடிக்கடி காணப்படும் கோளாறுகளில் ஒன்று. மென்பொருள் திறந்து ஒரு படம் மட்டும் ஓடாமல் நின்றால் அது வேறு வகை. அங்கே குறை பெரும்பாலும் அந்தக் கோப்பில் இருக்கும், இல்லையென்றால் அதைப் பிரித்துக் காட்டும் கோடெக்கில் இருக்கும். மென்பொருளே எழும்ப மறுக்கும் நிலையைத்தான் இந்தக் கட்டுரை விளக்குகிறது.

இந்தக் கோளாறு நான்கு விதமாக வெளிப்படும். கிளிக் செய்தால் ஒன்றுமே நடக்காது. சாளரம் ஒரு கணம் தோன்றி மறைந்துவிடும். பிழைச்செய்தி ஒன்று வந்து நிற்கும். அல்லது வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், மென்பொருள் வராது. ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. இந்த நான்கில் எது நடக்கிறது என்று பார்த்துச் சொல்லத் தெரிந்தாலே பாதி வேலை முடிந்த மாதிரி.

மென்பொருள்கள்

மைக்ரோசொப்ட் நிறுவனம் தன் முதல் மீடியா பிளேயரை 1991இல், வின்டோஸ் 3.0இன் பல்லூடகப் பதிப்போடு வெளியிட்டது. 2009இல் வின்டோஸ் 7 உடன் வந்த 12ஆம் பதிப்பே அந்தப் பழைய வரிசையில் கடைசி. வின்டோஸ் 11இலும் அது 'லெகசி' என்ற அடைமொழியுடன் இருக்கிறது. அதன் பக்கத்தில் புதிய மீடியா பிளேயர் ஒன்றும் இருக்கிறது. பெயர் ஒன்றுபோல இருந்தாலும் இரண்டும் வெவ்வேறு மென்பொருள்கள் என்பதால், எது திறக்கவில்லை என்பதை முதலில் உறுதி செய்துகொள்ள வேண்டும்.

வி.எல்.சி. என்ற பிளேயர், பிரான்ஸின் எகோல் சென்ட்ரல் பாரிஸ் கல்லூரி மாணவர்கள் 1996இல் தொடங்கிய முயற்சி. 2001 பெப்ரவரியில் அது கட்டற்ற மென்பொருளாக வெளிவந்தது. பதிவிறக்கங்கள் 600 கோடியை எட்டிவிட்டதாக அதன் பின்னால் இருக்கும் வீடியோலேன் அமைப்பு 2025 ஜனவரியில் அறிவித்தது. தொலைக்காட்சித் திரைக்கென்றே வடிவமைக்கப்பட்ட 'கோடி' (Kodi) என்ற மென்பொருள், 2002இல் எக்ஸ்பொக்ஸ் விளையாட்டுக் கருவிக்காகப் பிறந்து 2014இல் இன்றைய பெயரைப் பெற்றது.

வின்டோஸ் மீடியா சென்டரின் கதை வேறு. 2002இல் வந்த அந்த மென்பொருளை மைக்ரோசொப்ட் 2015இல் வின்டோஸ் 10 வெளியானபோது கைவிட்டது. பழைய கணினியை வின்டோஸ் 10க்கு மாற்றிய பிறகு மீடியா சென்டர் காணாமல் போனால், அது கெட்டுப்போகவில்லை, அகற்றப்பட்டுவிட்டது. திருத்துவதற்கு அங்கே ஒன்றும் இல்லை.

குண்டசாலையும் மின்தடையும்

திடீர் மின்தடையும் மீடியா பிளேயரை முடக்கும் ஒரு காரணம். அதற்குக் குண்டசாலை ஓர் உதாரணம். அது இலங்கையின் கண்டி நகருக்குக் கிழக்கே, தென்னக்கும்புரவில் மகாவலி ஆற்றைக் கடந்து மகியங்கனை வீதியில் போனால் வரும் பிரதேசம். அதே வீதியில் இன்னும் போனால் திகனையும் தெல்தெனியாவும் வரும். இலங்கையின் மிகப் பெரிய நீர்மின் நிலையமான 210 மெகாவோட் விக்டோரியா தெல்தெனியாப் பக்கம்தான் இருக்கிறது. ஆனாலும் மின்சாரம் தேசிய வலையமைப்பு வழியாகவே வீடுகளுக்கு வருவதால், வலையமைப்பு விழும்போது அணைக்குப் பக்கத்து ஊர்களும் சேர்ந்தே இருளில் மூழ்கும்.

2022இன் பொருளாதார நெருக்கடியில் நாடு முழுவதும் சுழற்சி முறையில் மின்வெட்டு இருந்தது. மார்ச் 31 அன்று அது 13 மணித்தியாலம் வரை நீண்டது. நேரம் முன்கூட்டியே அறிவிக்கப்பட்டதால் கணினியை முறைப்படி நிறுத்த அப்போது வழி இருந்தது. 2023 டிசம்பர் 9, 2025 பெப்ரவரி 9 ஆகிய நாட்களில் நாடு முழுவதும் ஏற்பட்ட மின்தடை அப்படி அல்ல, சொல்லாமல் கொள்ளாமல் வந்தது. பாணந்துறை துணை மின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியைத் தொட்டதே 2025இன் தடைக்குக் காரணம் என்று எரிசக்தி அமைச்சர் அறிவித்தார்.

மின்சாரம் திடீரென்று போவதற்கும் மீடியா பிளேயர் திறக்காமல் போவதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. மென்பொருள் ஓடிக்கொண்டிருக்கும்போது பாடல்களின் பெயர், படங்களின் வரிசை, கடைசியாகப் பார்த்த இடம் ஆகியவற்றை ஒரு தரவுக்கோப்பில் எழுதிக்கொண்டே இருக்கும். எழுதும் நேரத்தில் கரண்ட் போனால் கோப்பு பாதியில் நின்றுவிடலாம். அடுத்த தடவை திறக்கும்போது மென்பொருள் முதலில் படிப்பது அந்தக் கோப்பைத்தான். அதைப் படிக்க முடியாமல் அங்கேயே முடங்கிப்போகலாம். லேப்டாப்பில் பேட்டரி தாங்குவதால் இந்த ஆபத்து குறைவு. மேசைக் கணினிக்கு ஒரு சிறிய யூ.பி.எஸ். இருந்தால், கணினியை நிறுத்தும் அளவுக்காவது நேரம் கிடைக்கும். மார்ச், ஏப்ரலிலும் ஒக்டோபர், நவம்பரிலும் பின்னேரங்களில் இடி மின்னல் கூடுதல் என்பதால், அந்த வேளைகளில் ப்ளக்கைக் கழற்றி வைப்பதே பாதுகாப்பு.

ஒன்றுமே நடக்காதபோது

கிளிக் செய்தும் அசைவே இல்லை என்றால், மென்பொருள் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கக்கூடும். முன்பு மூடிய பிரதி முழுதாக மூடாமல் பின்னணியில் தொங்கிக்கொண்டிருக்கும். படக் கோப்பைக் கிளிக் செய்தால், ஏற்கெனவே ஓடும் பிரதியிடமே அதை ஒப்படைக்கும் ஏற்பாடு வி.எல்.சி.யில் இருக்கிறது. அந்தப் பிரதி செத்த நிலையில் இருந்தால் புதிதாக எதுவும் திரைக்கு வராது.

கொன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒன்றாக அழுத்தினால் டாஸ்க் மனேஜர் திறக்கும். பட்டியலில் மீடியா பிளேயரின் பெயர் இருந்தால் அதைத் தெரிவு செய்து 'எண்ட் டாஸ்க்' கொடுக்க வேண்டும். ஒரே பெயர் பல தடவை இருந்தால் எல்லாவற்றையும் முடிக்க வேண்டும். பிறகு மறுபடி திறந்து பார்க்கலாம். பல வீடுகளில் கோளாறு இந்த இடத்திலேயே தீர்ந்துவிடும். கணினியை ஒரு தடவை முழுதாக மறுதொடக்கம் செய்தாலும் இதே பலன் கிடைக்கும்.

இன்னொரு சாத்தியமும் உண்டு. மென்பொருள் திறந்துதான் இருக்கும், ஆனால் அதன் சாளரம் திரைக்கு வெளியே கிடக்கும். தொலைக்காட்சியை இரண்டாம் திரையாக இணைத்துப் படம் பார்த்துவிட்டு வயரைக் கழற்றிய வீடுகளில் இது நடக்கும். கீழ்ப்பட்டையில் சின்னம் ஒளிர்ந்து, சாளரம் மட்டும் தெரியாமல் இருந்தால் இதுதான் காரணம். அந்தச் சின்னத்தைத் தெரிவு செய்து, ஆல்ட் விசையுடன் ஸ்பேஸ் விசையை அழுத்தி, பிறகு 'எம்' எழுத்தை அழுத்த வேண்டும். அம்புக்குறி விசை ஒன்றைத் தட்டிவிட்டு மவுஸை அசைத்தால் சாளரம் கூடவே திரைக்குள் வந்துவிடும்.

பிழைச்செய்தி சொல்வது

பிழைச்செய்தி வந்ததும் பலர் 'ஓகே' கொடுத்து மூடிவிடுகிறார்கள். அதைக் கைபேசியில் படம் எடுத்து வைப்பது நல்லது. ஏனெனில் நோயின் பெயரே அதில்தான் எழுதியிருக்கும்.

'டி.எல்.எல்.' என்று முடியும் ஒரு கோப்பைக் காணவில்லை என்று செய்தி வந்தால், மென்பொருளுக்குத் தேவையான துணைக்கோப்பு கணினியில் இல்லை என்று பொருள். கோடி போன்ற மென்பொருள்களுக்கு மைக்ரோசொப்டின் விசுவல் சி பிளஸ் பிளஸ் துணைத்தொகுப்பு வேண்டும். அது மைக்ரோசொப்டின் தளத்திலேயே இலவசமாகக் கிடைக்கும். காணாமல் போன கோப்பைத் தனியாகத் தரும் அறிமுகமற்ற தளங்களிலிருந்து எடுத்துப் போடுவது, வைரஸைக் கையோடு வீட்டுக்குள் அழைப்பதாகும்.

7பி என்று முடியும் பிழைக்குறி, பெரும்பாலும் 32 பிட், 64 பிட் கோப்புகள் கலந்துபோனதைக் காட்டும். 'சேவர் எக்ஸிகியூஷன் பெயில்ட்' என்பது பழைய வின்டோஸ் மீடியா பிளேயருக்கே உரிய செய்தி. தொங்கிக்கிடக்கும் பிரதியை முடித்து, அதன் வலையமைப்புப் பகிர்வுச் சேவையை நிறுத்தி வைத்தால் பல கணினிகளில் இது சரியாகும்.

செய்தி எதுவும் இல்லாமல் சாளரம் தோன்றி மறைந்தால், வின்டோஸின் இவென்ட் வியூவரைப் பார்க்க வேண்டும். அதில் 'அப்ளிகேஷன்' என்ற பகுதியில், கோளாறு நடந்த நேரத்துக்கு நேரே சிவப்புக் குறி ஒன்று இருக்கும். அதைத் திறந்தால் 'போல்டிங் மொடியூல்' என்ற வரி, விழுத்திய கோப்பு எது என்று பெயர் சொல்லும். அது திரைக்கான டிரைவராக இருந்தால் டிரைவரைப் புதுப்பிக்க வேண்டும். எப்போதோ நிறுவிய கோடெக் தொகுப்பாக இருந்தால் அதை நீக்க வேண்டும்.

அமைப்புகளைப் புதிதாக்குதல்

வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டே இருந்தால், முன்பு சொன்ன தரவுக்கோப்போ அமைப்புகளோ பழுதாகியிருக்கலாம்; அவற்றைப் புதிதாக்கிப் பார்க்க வேண்டும். வி.எல்.சி.யை நிறுவும்போதே, அமைப்புகளையும் தற்காலிகக் கோப்புகளையும் அழித்துப் புதிதாக்கும் கட்டளை ஒன்று ஸ்டார்ட் மெனுவில் சேர்ந்துவிடுகிறது. அதை ஒரு தடவை இயக்கினால் போதும். கோடியில், பயனர் கோப்புறைக்குள் இருக்கும் அதன் தரவுக் கோப்புறையின் பெயரை மாற்றிவிட்டுத் திறந்தால் அது புதிதாகத் தொடங்கும். பழையது வேறு பெயரில் அப்படியே இருக்கும் என்பதால் எதுவும் இழப்பில்லை. பழைய வின்டோஸ் மீடியா பிளேயரின் நூலகக் கோப்புகளை அழித்தால், அடுத்த தடவை திறக்கும்போது அது பட்டியலைத் தானே மீண்டும் உருவாக்கிக்கொள்ளும். வின்டோஸ் 11இன் புதிய பிளேயருக்கு 'செட்டிங்ஸ்' பகுதியிலேயே 'ரிப்பேர்', 'ரீசெட்' என்ற இரண்டு பொத்தான்கள் இருக்கின்றன. முதலில் 'ரிப்பேர்', பலன் இல்லாவிட்டால் மட்டும் 'ரீசெட்' என்பதே சரியான வரிசை.

பயனர் பெயரைத் தமிழில் வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்றும் உண்டு. அந்தப் பெயரிலேயே ஒரு கோப்புறை உருவாகும். யுனிகோடைச் சரியாகக் கையாளாத பழைய மென்பொருள்கள் அந்தக் கோப்புறையைத் திறக்கத் தெரியாமல் நின்றுவிடும். ஆங்கில எழுத்தில் புதிய பயனர் கணக்கு ஒன்றைத் தொடங்கி, அங்கே மென்பொருள் திறக்கிறதா என்று பார்த்தால் சந்தேகம் தீரும். அங்கே திறந்தால் மென்பொருளில் பழுதில்லை, பழைய கணக்கின் அமைப்பில்தான் பழுது என்பதும் தெளிவாகும்.

ஐரோப்பாவிலிருந்து வரும் லேப்டாப்

உறவினர் ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்த லேப்டாப்பில் மீடியா பிளேயரே இல்லாமல் இருப்பதுண்டு. 2004 மார்ச்சில் ஐரோப்பிய ஆணைக்குழு, வின்டோஸுடன் மீடியா பிளேயரைச் சேர்த்து விற்பது போட்டியைக் கெடுக்கிறது என்று தீர்ப்பளித்து, மைக்ரோசொப்டுக்கு 49 கோடியே 70 இலட்சம் யூரோ அபராதம் விதித்தது. பிளேயர் இல்லாத பதிப்பையும் விற்குமாறு உத்தரவிட்டது. 'என்' என்ற எழுத்துடன் வரும் வின்டோஸ் பதிப்புகள் அதன் விளைவு. இவற்றில் சில வெளி மென்பொருள்களும் இயங்க மறுக்கும், ஏனெனில் அவை சார்ந்திருக்கும் ஊடகப் பகுதிகள் அந்த வின்டோஸில் இல்லை. மைக்ரோசொப்ட் இலவசமாகத் தரும் 'மீடியா பீச்சர் பேக்' இந்தக் குறையை நிரப்பும்.

எங்கிருந்து எடுப்பது

மென்பொருளை நீக்கிவிட்டு மறுபடி நிறுவுவது கடைசிக்கு முந்திய படி. அதை எங்கிருந்து எடுக்கிறோம் என்பதில் கவனம் வேண்டும். 2017 மே மாதத்தில், வீடியோ மாற்றும் ஹேண்ட்பிரேக் மென்பொருளின் ஒரு பதிவிறக்கச் சேவையகத்துக்குள் புகுந்தவர்கள், மெக் கணினிக்கான நிறுவல் கோப்புக்குப் பதிலாகத் தீநிரல் கலந்த கோப்பை வைத்தார்கள். சில நாட்கள் அதுவே பலருக்கும் போய்ச் சேர்ந்தது. இந்தியாவில் 2022 பெப்ரவரி முதல் வி.எல்.சி.யின் அதிகாரபூர்வத் தளம் முடக்கப்பட்டிருந்தது, நவம்பரில்தான் தடை நீங்கியது. பயனர்களை நம்பகமற்ற தளங்களின் பக்கம் தள்ளிவிடும் என்பதே அந்தத் தடையை எதிர்த்து வீடியோலேன் முன்வைத்த வாதம். பென் டிரைவில் கைமாறி வரும் நிறுவல் கோப்புக்கும் அதே ஆபத்து உண்டு. மென்பொருளை வெளியிட்டவரின் தளமே பாதுகாப்பானது.

வின்டோஸ் 10க்கான இலவசப் பாதுகாப்புப் புதுப்பிப்புகளை மைக்ரோசொப்ட் 2025 ஒக்டோபர் 14உடன் பொதுவாக நிறுத்திவிட்டது. பழைய வின்டோஸில் புதிய பதிப்பு திறக்கவில்லை என்றால், அந்த வின்டோஸுக்குப் பொருந்தும் பழைய பதிப்பையும் அதே அதிகாரபூர்வத் தளத்தில் தேடி எடுக்கலாம்.

போர்மட் செய்வதற்கு முன்

திருத்தக் கொடுத்த கணினியை உடனே போர்மட் செய்துவிடும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. வேலை சுலபம், கோளாறும் போய்விடும். ஆனால் கல்யாண வீடியோ, பிள்ளைகளின் முதல் பிறந்தநாள், இறந்துபோன அம்மம்மாவின் குரல் என்று வேறெங்கும் பிரதி இல்லாதவையும் அதோடு அழிந்துபோகலாம். ஒரு மீடியா பிளேயர் திறக்கவில்லை என்பதற்காக அவ்வளவு பெரிய விலை கொடுக்க வேண்டியதில்லை. பாட்டும் படமும் அந்த மென்பொருளுக்குள் இல்லை. அவை 'மியூசிக்', 'வீடியோஸ்', 'பிக்சர்ஸ்' போன்ற கோப்புறைகளில் தனியே இருக்கின்றன. பிளேயரை நீக்கினாலும் அவை இருந்த இடத்தில் அப்படியே இருக்கும்.

எனவே கணினியைக் கடைக்குக் கொண்டுபோகும் முன், அந்தக் கோப்புறைகளை வெளி வன்தட்டு ஒன்றில் கொப்பி எடுத்து வையுங்கள். பிழைச்செய்தியின் படத்தைத் திருத்துபவரிடம் காட்டுங்கள். உங்கள் அனுமதி இல்லாமல் போர்மட் செய்ய வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டே கணினியைக் கையில் கொடுங்கள்.