எம்டன் மெடலா, பினாங்கு டாலரா?

போன மாதம் எதிர்வீட்டுத் தம்பி ஒரு பழைய சுருக்குப்பையோடு வந்தார். உள்ளே கறுத்துப்போன ஒரு பெரிய வெள்ளி நாணயம். மேலே ஒரு வளையம் பற்றவைத்திருந்தது.

“அண்ணே, இது எம்டன் மெடல். எங்க தாத்தா மெட்ராஸ் ஹார்பர்ல இருந்தப்போ கிடைச்சதாம். ரெண்டு லட்சத்துக்குக் குறையாதுன்னு ஒருத்தர் சொல்றார். ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பினா இன்னும் கூடவாம். விபூதி போட்டுத் தேய்ச்சுக் குடுத்துரலாமா?”

“முதல்ல தேய்க்கிறதை நிறுத்துங்க” என்றேன். பழைய நாணயத்தில் படிந்த கறுப்பு அழுக்கல்ல, அதன் வயது. தேய்த்தால் எழுத்தும் மழுங்கும், விலையும் இறங்கும்.

அவர் மகளுக்கு அந்த வாரம் கல்லூரிக் கட்டணம் கட்ட வேண்டும் என்பது எனக்குத் தெரியும். அதனால் வாய்க்கு வந்ததைச் சொல்ல மனமில்லை. ஒருநாள் அவகாசம் கேட்டேன். முப்பது வருடம் வங்கியில் இருந்தவன் நான். நகைக்கடன் பிரிவில் மதிப்பீட்டாளர் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்டது ஒன்றுதான்: கதையைக் கடைசியில் கேள், பொருளை முதலில் பார்.

எம்டன் மெடல் என்று ஒன்று உண்மையிலேயே உண்டு. 1914 செப்டம்பர் 22 இரவு ஒன்பதரை மணி வாக்கில் ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தின் மேல் சுமார் 130 குண்டுகளை வீசியது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் பற்றி எரிந்தன. உயர் நீதிமன்றச் சுவரில் இன்றும் அதற்கு நினைவுக் கல் இருக்கிறது. கெட்டிக்காரனை ‘சரியான எம்டன்’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொன்னதும் அதன் பிறகுதான். கேப்டன் வான் முல்லர் அப்படிப் போக்குக் காட்டினார்.

நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகள் அருகே ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னி எம்டனை மடக்கியது. அடிபட்ட எம்டன் வடக்கு கீலிங் தீவில் தரைதட்டியது. அந்தச் சிதைவிலிருந்து ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட மெக்சிக வெள்ளி டாலர்களை எடுத்தார்கள். எம்டனின் சொந்தத் தளம் சீனாவின் சிங்டாவ். சீனக் கரையோரத்தில் அன்று செல்லுபடியான காசு மெக்சிக டாலர். அவற்றில் ஆயிரத்தை சிட்னி நகரில் கெர் என்ற நகைக்கடை மெடலாக மாற்றியது. மேலே ஒரு கிரீடம், ஓரத்தில் நாடா போன்ற பட்டைகள், அவற்றில் இரு கப்பல்களின் பெயரும் அந்தத் தேதியும். சிட்னி கப்பலில் போரிட்டவர்களுக்கு அவற்றில் பல போயின.

இனி நம் தம்பியின் நாணயம். பூதக்கண்ணாடியில் பார்த்தேன். ஒரு பக்கம் பாம்பைக் கவ்விய கழுகு, மறுபக்கம் கதிர் வீசும் குல்லாய். மெக்சிகோதான், சந்தேகமில்லை. ஆண்டு 1888. ஓரத்தில் அதன் மாற்றே எழுதியிருந்தது: 10 தினேரோ, 20 கிரானோ. 12 தினேரோ சுத்த வெள்ளி, ஒரு தினேரோவுக்கு 24 கிரானோ. கணக்குப் போட்டால் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி. தராசில் 28.4 கிராம். இந்த நாணயத்தின் முறையான எடை 27.07 கிராம், மிச்சம் வளையம். மெக்சிக டாலரில் போலிகள் ஏராளம். பெரும்பாலும் எடையிலேயே மாட்டிக்கொள்ளும். இது மாட்டவில்லை.

ஆனால் கிரீடம் இல்லை, பட்டை இல்லை, தேதி இல்லை. பட்டையைப் பிடுங்கிய தழும்பும் இல்லை. மெடலாக்காத எம்டன் நாணயமாக இருக்கலாமே என்றால், அதைச் சாதாரண மெக்சிக டாலரிலிருந்து பிரித்துச் சொல்லக் கையில் காகிதம் வேண்டும். அதுவும் இல்லை. மேலும் எம்டன் சென்னையில் கரையேறவே இல்லை. அரைமணி நேரம் சுட்டுவிட்டு இருட்டில் போன கப்பலின் காசு துறைமுகத் தொழிலாளி கைக்கு எப்படி வரும்?

மறுநாள் இதைச் சொன்னதும் தம்பியின் முகம் வாடிவிட்டது. “உங்க வீட்ல பெரியவங்க யாராவது இருக்காங்களா?” என்று கேட்டேன். எண்பத்தெட்டு வயது அத்தைக்கு போன் போட்டார். அத்தை சிரித்தார்.

“மெடலாவது ஒண்ணாவது! அது பினாங்கு டாலர்டா. எங்கப்பா பினாங்குலேர்ந்து கொண்டாந்தது. எங்கம்மா கழுத்துல கிடந்தது.”

எனக்குப் புரிந்தது. மலேயாவில் 1903-ல் தனி டாலர் வரும்வரை மெக்சிக டாலரும் செல்லுபடி. நாகப்பட்டினத்திலிருந்து கப்பலேறிய நம்மவர்கள் அதை ஊருக்குக் கொண்டுவந்து வளையம் வைத்துக் கழுத்தில் போட்டார்கள். சங்கிலியில் தொங்குவதை இன்றும் நாம் டாலர் என்றுதானே சொல்கிறோம்! எம்டன் பினாங்குக்கும் போயிருக்கிறது. 1914 அக்டோபர் 28 அன்று அங்கே ஒரு ரஷ்யக் கப்பலை மூழ்கடித்தது. தாத்தா அந்தக் கதையையும் காசையும் ஒன்றாகக் கொண்டுவர, பேரன் காலத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டிருக்கலாம். இது என் ஊகம் மட்டுமே.

விலை? சுமார் 24 கிராம் சுத்த வெள்ளியின் விலை, அதற்கு மேல் சேகரிப்பவர் தரும் கொஞ்சம். வளையம் வைத்ததால் அதிலும் குறைவு. நூறு வருடம் தாண்டிய நாணயம் என்பதால் 1972-ம் வருடச் சட்டப்படி தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பவும் முடியாது.

கல்லூரிக் கட்டணத்துக்கு மனைவியின் வளையலை வங்கியில் வைத்தார். கூடப் போய் வட்டி விவரம் பார்த்துக்கொடுத்தேன். நாணயத்தை விற்கவில்லை. ஒரு தாளில் எடை, ஆண்டு, அத்தை சொன்னது, ‘இது எம்டன் மெடல் அல்ல’ என்பது எல்லாவற்றையும் எழுதித் தேதி போட்டுச் சுருக்குப்பையிலேயே வைக்கச் சொன்னேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு காசு இருந்தால், விவரம் தெரிந்த அத்தையோ பாட்டியோ இருக்கும்போதே கேட்டு எழுதி வையுங்கள்.