நாலு பேர் முன்னால்

காவிரியின் வடகரையில், முசிறிக்கு மேற்கே உள்ள தொட்டியம் வாழைக்குப் பேர்போன ஊர். இத்தகைய ஆற்றங்கரை ஊர்களில் பந்தல் வாசலில் குலை தள்ளிய வாழைமரம் கட்டுவது முதல் மாமன் சீர், பங்காளிகளுக்கு வைக்கும் அழைப்பு, மொய்நோட்டு வரை கல்யாணத்தின் பாதிக் காரியங்கள் ஊர் வாய்க்குப் பயந்தே நடந்துவந்தன. கடன் வாங்கியாவது சீரை நிறைவாகச் செய்வார்கள். குறைந்தால் நாலு பேர் பேசுவார்கள்.

இந்தப் பயத்தை நேருக்கு நேர் எதிர்த்தது சுயமரியாதைத் திருமணம். 1925-இல் பெரியார் தொடங்கிய இயக்கத்தின் முதல் திருமணம் 1928-இல் அருப்புக்கோட்டை அருகே சுக்கிலநத்தத்தில் நடந்தது. மறு ஆண்டு செங்கற்பட்டில் கூடிய மாநில மாநாடு, சாதிப் பட்டங்களைத் துறக்கவும் பெண்கள் தம் துணையைத் தாமே தேர்ந்துகொள்ளவும் தீர்மானம் போட்டது. புரோகிதரும் ஓமமும் இல்லை. மாலை மாற்றி, உறுதிமொழி சொன்னால் போதும். வேண்டுமென்றே ராகுகாலத்தில் நடத்தியவர்களும் உண்டு. ஆனால் கூட்டத்தை மட்டும் யாரும் விடவில்லை. மணமக்களைக் காட்டிலும் பெண்ணுரிமை பற்றிப் பேச வந்தவர்களே மேடையில் அதிக நேரம் எடுத்துக்கொண்டார்கள். ஊருக்குப் பயப்படாத கல்யாணமும் ஊரைக் கூட்டித்தான் நடந்தது. நாலு பேர் பார்க்காவிட்டால் அது பிரசாரம் ஆகாதே.

கூட்டம் இருந்தும் நீதிமன்றத்தில் அது உதவவில்லை. 1934-இல் திருச்சியில் நடந்த ஒரு சுயமரியாதைத் திருமணம் சொத்து வழக்கில் விவாதத்துக்கு வந்தது. சாஸ்திரச் சடங்கும் இல்லை, நெடுநாள் நிலைத்த வழக்கம் என்று காட்டவும் வழியில்லை என்று 1953-இல் சென்னை உயர் நீதிமன்றம் அது செல்லாது என்றது. நேற்று தொடங்கிய இயக்கத்திடம் நூற்றாண்டுப் பழக்கத்தைக் கேட்டால் அது எங்கே போகும்? இதே முறையில் மணந்த பலரின் திருமணமும் பிள்ளைகளின் வாரிசுரிமையும் கேள்விக்குறியாயின.

அந்த முடிச்சை அவிழ்த்தது அண்ணாவின் அரசு. 1967-இல் இந்து திருமணச் சட்டத்தில் சேர்த்த 7அ பிரிவு 1968 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாக இருவருக்கும் புரியும் மொழியில் சொல்வது, மாலை மாற்றுவது அல்லது மோதிரம் அணிவிப்பது, தாலி கட்டுவது — இவற்றில் ஒன்று போதும். முன்பு நடந்த திருமணங்களும் செல்லுபடியாயின. தாலியைக் கட்டாயமாக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. சட்டத்தின் புத்திசாலித்தனமே அங்குதான் இருக்கிறது. ஆனால் உறவினர், நண்பர் அல்லது பிறர் முன்னிலையில் நடக்க வேண்டும் என்ற வாசகம் இருந்தது.

அந்த முன்னிலை என்பது எத்தனை பேர், எந்த இடம் என்ற சண்டை பின்னாளில் எழுந்தது. வீட்டாருக்குத் தெரியாமல் வழக்கறிஞர் அறையில் மாலை மாற்றிக்கொண்ட ஜோடிகளின் மணம் செல்லாது என்று 2014-இல் உயர் நீதிமன்றம் சொன்னது. 2023 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. ஊரறியச் செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. குடும்பத்தின் மிரட்டலில் இருப்பவர்களை ஊரறிய மணந்துகொள்ளச் சொல்வது அவர்கள் உயிருக்கே ஆபத்தாகலாம். வழக்கறிஞரும் நண்பராகவோ உறவினராகவோ உடன் நிற்கலாம் என்றது அத்தீர்ப்பு.